சூரியன் நகர்த்திப் போட்ட மார்க்கா

சென்ற வருடம் என் மகள் என்னைச் சென்னையில் ஒரு கலைக் கண்காட்சிக்கு அழைத்துப்போனாள். இருட்டான கூடம். இரும்புத் தகட்டில் எழுத்துகளை வெட்டி, பின்னால் விளக்கை வைத்து, எதிர்ச்சுவரில் வெளிச்சத்தால் ஒரு கவிதை விழும்படி செய்திருந்தார்கள். பத்துப் பேர் மூச்சுக் காட்டாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒட்டியிருந்த தாளில், இந்த இடத்துக்காகவே செய்யப்பட்ட படைப்பு என்று போட்டிருந்தது. நான் மகளின் காதருகே போய், "இத நான் எழுபதுகள்லயே தூத்துக்குடியில செஞ்சிட்டேன்" என்றேன். "மெதுவாப் பேசுங்கப்பா" என்றாள் அவள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. நான் கலைஞன் என்பதற்கு என்னிடம் ஒரு அத்தாட்சியும் கிடையாது. பெரிய கப்பல்கள் எல்லாம் புதுத் துறைமுகத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு, பழைய துறைமுகத்தில் தோணிகள் மட்டும் மிச்சமிருந்தன. அந்தத் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றும் கம்பெனி ஒன்றில் நான் மார்க்கா போடுகிறவன். கொழும்புக்குப் போவது வெங்காயமோ, வற்றலோ, கருவாடோ, எதுவானாலும் சாக்கின் மேல் அனுப்புகிறவர் குறியும் வாங்குகிறவர் குறியும் ஊர்ப்பெயரும் இருந்தாக வேண்டும். தகரத்தில் எழுத்தை வெட்டி எடுத்துவிடுவேன். அந்தத் தகட்டைச் சாக்கின் மேல் அழுத்திப் பிடித்து மை தோய்த்த பிரஷால் தேய்த்தால், வெட்டின இடத்தில் கறுப்பாக எழுத்து விழும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் இந்த வித்தையை வைத்துக்கொண்டு எனக்கு வந்திருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. கம்பெனி வருகைப் பதிவேட்டில்கூட மூன்று சுழி போட்டுத்தான் கையெழுத்து வைப்பேன். மூன்றாவது சுழி பக்கத்துக் கட்டத்தில் இருப்பவரின் பெயருக்குள் போய் நிற்கும்.

என் அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பா இறந்தபோது நான் கைக்குழந்தை, தங்கை அம்மாவின் வயிற்றில். அண்ணன் பள்ளிக்கூடத்தின் பக்கமே போகாமல் தோணியில் ஏறிவிட்டார். ஏறியவர் படிப்படியாகத் தண்டல் ஆனார். தோணிக்குத் தண்டல் என்றால் கப்பலுக்கு கேப்டன் மாதிரி. எழுத்து தெரியாவிட்டாலும் சாக்கில் இருக்கும் மார்க்காவை உருவத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் இறக்கிய சரக்கில் ஒரு மூட்டை ஆள் மாறிப் போனதில்லை. என்னை ஒன்பதாம் வகுப்புவரை படிக்க வைத்ததும் அவர்தான். அந்த மூன்று சுழியும் அவருடைய சம்பளத்தில் நான் கற்றுக்கொண்டவை. இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்தும்தான் அப்படிச் செய்தேன்.

தங்கையின் கல்யாணம். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். முதலில் நான் போனேன். மூன்று சுழி. மாப்பிள்ளை வீட்டார் யாரோ, "கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கே" என்று வேறு சொல்லித் தொலைத்தார். அடுத்து அண்ணன் வந்தார். பங்குச் சாமியார் மைப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். அண்ணன் இடது கை பெருவிரலை மையில் ஒற்றிக்கொண்டு குனிந்தார். அப்போது என் வாயில் சனி புகுந்தது.

"சாமி, கொஞ்சம் பொறுங்க. அண்ணனுக்கு நான் ஒரு மார்க்கா தகடு வெட்டித் தாரேன். இனிமே மூட்டைக்குத் தேக்கிற மாதிரி தேச்சிக்கிடட்டும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சாமியாரே சிரித்தார். நல்ல நகைச்சுவை என்றுதான் நானும் நினைத்தேன். அண்ணன் பெருவிரலை நிதானமாகப் பதிவேட்டில் வைத்து எடுத்தார். விரலில் மிச்சமிருந்த மையைப் புது வேட்டியில் துடைத்தார். யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். பந்தியில் அவருக்காகப் போட்ட இலை கடைசிவரை காலியாகவே கிடந்தது. அந்த இலைக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து நான் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன் என்பதை என் மனைவி இன்றைக்கும் ஞாபகப்படுத்துவாள்.

அதன் பிறகு அண்ணன் என்னோடு பேசவில்லை. சண்டையும் போடவில்லை. சரக்கு ஏற்ற வருவார். நான் மூன்றடி தள்ளி நிற்பேன். அவர் சுமைக்காரர்களின் மேஸ்திரியிடம், "மை காய்ஞ்சுட்டான்னு அந்த ஆள்ட்ட கேளு" என்பார். நான் மேஸ்திரியிடம், "காய்ஞ்சாச்சின்னு சொல்லுங்க" என்பேன்.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்கு? என்ன எதுக்கு நடுவுல தபால்பெட்டியா வச்சிருக்கிய?" என்று மேஸ்திரி ஒருநாள் கத்தினார். அண்ணன் அவரிடம், "அந்த ஆளத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தோணிக்குப் போய்விட்டார்.

இப்படியே பத்து மாதம் ஓடியது. தங்கை முழுகாமல் இருந்தாள். பிறக்கிற பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு மூத்த அண்ணன்தான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று கேட்கப் போனவளிடம் அண்ணன், "அவன் வந்து நிக்கிற எடத்துல நான் நிக்க மாட்டேன் தாயி" என்று சொல்லியிருக்கிறார். தங்கை நேராக என் வீட்டுக்கு வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவீட்டில் உட்கார்ந்து அழுதாள். "ரெண்டு பேரும் சேந்து வந்து நிக்கலன்னா எம்பிள்ளைக்கு ஞானஸ்நானமே கொடுக்க மாட்டேன். நீதான பேசுன, நீயே சரி பண்ணு" என்றாள். அவள் அப்பாவைப் பார்த்ததில்லை. அவளுக்கு அண்ணன்தான் அப்பா.

அவள் போனதும் என் மனைவி, "நேரா அவுக வீட்டுக்குப் போயி, அண்ணே தெரியாம சொல்லிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. காப்பி ஆறுததுக்குள்ள முடிஞ்சிரும்" என்றாள். சுலபமாகச் சொல்லிவிட்டாள். நான் மூன்று தடவை அண்ணன் வீட்டு வாசல்வரை போயிருக்கிறேன். மூன்று தடவையும் வாசலோடு திரும்பிவிட்டேன். ஊரைச் சிரிக்க வைத்த வாய்க்கு ஒற்றை மன்னிப்பு வரவில்லை. ஒருமுறை அண்ணன் மனைவி, எங்கள் மைனி, வெளியே வந்து என்ன என்று கேட்க, சும்மா இந்தப் பக்கமாக வந்தேன் என்றேன். அண்ணன் வீட்டுக்கு அப்பால் கடலைத் தவிர வேறொன்றும் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குள் இருந்த கலைஞன் விழித்துக்கொண்டான். ஒருநாள் காலையில் மை போகக் கழுவின தகடு ஒன்றை, சரக்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கியின் ஜன்னலில் காயப் போட்டிருந்தேன். வெயில் அதன் வழியாக நுழைந்து, எதிர்ச்சுவரில் கொழும்பு என்று வெளிச்சத்தால் எழுதியிருந்தது. சுற்றிலும் தகட்டின் நிழல், நடுவே பளிச்சென்று எழுத்து. அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயால் சொல்ல முடியாததை வெயிலை விட்டுச் சொல்லச் சொன்னால் என்ன என்று தோன்றியது. இதைப் போல ஒரு யோசனை உலகத்தில் யாருக்கும் வந்திருக்காது என்று நம்பினேன். வராமல் இருந்ததற்குக் காரணம் இருக்கலாம் என்று அப்போது படவில்லை.

எங்கள் கிட்டங்கியின் கடலைப் பார்த்த சுவர் நீளமானது, சுண்ணாம்பு அடித்தது. அதற்குப் பதினைந்தடி முன்னால், மூட்டைகளுக்குத் தார்ப்பாய் விரிக்க வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட இரும்புத் தூண்களும் அவற்றின் மேல் நீளமான ஒரு கம்பியும் நின்றன. தார்ப்பாய் எப்போதோ போய்விட்டது. அந்தக் கம்பியில் தகடுகளை வரிசையாகத் தொங்கவிட்டால், கடலிலிருந்து எழும் சூரியன் அவற்றின் வழியாகச் சுவரில் எழுதும். அண்ணனின் தோணி காலையில் கரையணையும்போது எதிரே சுவர் முழுக்க என் மன்னிப்பு நிற்கும். நான் எங்காவது ஒரு மூட்டைக்குப் பின்னால் நின்றுகொள்ளலாம். திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அந்த மூட்டைதான்.

என்ன எழுதுவது என்பதில் நாலு நாள் போயிற்று. முதலில், தமையனே பிழை பொறுத்தருள்க என்று எழுதி மனைவியிடம் காட்டினேன். "கல்லறையில வெட்டுத மாதிரி இருக்கு" என்றாள். கடைசியில், அண்ணே தப்பு என் மேலதான் என்று நின்றது. எட்டுத் தகடு, ஒவ்வொரு எழுத்தும் ஒரு அடி உயரம். முற்றத்தில் உட்கார்ந்து ஒரு வாரம் வெட்டினேன். கையில் இரண்டு இடத்தில் தகரம் கிழித்தது.

"ஒரு வார்த்த சொல்லுததுக்கு எட்டுத் தகரமா?" என்றாள் மனைவி, காயத்துக்குத் துணி சுற்றிக்கொண்டே.

"இதெல்லாம் உனக்குப் புரியாது" என்றேன். கலைஞர்கள் மனைவியிடம் சொல்லும் வசனத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நாற்பது நாள் நோன்பான தபசு காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. முதல் பூசைக்குப் போகாமல் துறைமுகத்துக்குப் போய் ஒத்திகை பார்த்தேன். கம்பியில் தகடுகளை அப்படியும் இப்படியும் தள்ளி, ஏழரை மணிக்கு எழுத்துகள் சுவரின் நடுவே, கிட்டங்கிக் கதவுக்கு வலப்பக்கமாக, நேராக விழும்படி செய்தேன். ஆளில்லாத துறைமுகத்தில் அதைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. என்னுடைய திறமையை நினைத்துத்தான் கலங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு கொக்கியும் கம்பியில் இருந்த இடத்தில் சுண்ணாம்பால் குறி போட்டேன். தகடுகளைக் கழற்றிக் கிட்டங்கிக்குள் சாக்கு போட்டு மூடி வைத்தேன். எங்கள் தொழிலில் அளந்து குறி வைத்துவிட்டால் வைத்ததுதான். ஆயிரம் மூட்டைக்கும் அது ஒரே இடத்தில் விழும்.

அண்ணனின் தோணி அடுத்த வாரம் வர வேண்டியது. வரவில்லை. கொழும்பில் சரக்குக்குக் காத்துக் கிடக்கிறது என்றார்கள். அப்புறம் அங்கிருந்து மாலத்தீவுக்கு ஒரு நடை போயிருக்கிறது என்றார்கள். தபசு காலம் முழுக்கப் போயிற்று. உயிர்த்த ஞாயிறும் போயிற்று. தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானம் எப்போது என்று கேட்டவர்களிடம் எல்லாம் அவள், "அண்ணங்க ரெண்டு பேர்ட்டயும் கேளுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திருநாள் கழிந்து இரண்டு வாரமான பிறகு, தோணி வெளியே நங்கூரம் போட்டிருக்கிறது, காலையில் கரைக்கு வரும் என்று கம்பெனிக்குச் செய்தி வந்தது.

விடிந்ததும் ஏணியைப் போட்டு, சுண்ணாம்புக் குறி பார்த்து, ஒரு இம்மிகூடப் பிசகாமல் எட்டுத் தகடுகளையும் மாட்டி, காற்றில் விலகாதபடி ஒன்றோடொன்று சணலால் கட்டினேன். மூட்டைக்குப் பின்னால் போய் நின்றேன். தோணி பாயை இறக்கிக்கொண்டு மெல்ல உள்ளே வந்தது. முன்னால் அண்ணன் நிற்பது தெரிந்தது. ஏழரை மணி ஆயிற்று. வெயில் தகட்டில் பட்டது. நான் சுவரைப் பார்த்தேன்.

எழுத்து வலப்பக்கத்தில் இல்லை. மொத்த வரியும் ஏழடி இடப்பக்கமாக நகர்ந்திருந்தது. கிட்டங்கிக் கதவை அப்போதுதான் திறந்திருந்தார்கள். அண்ணே என்ற வார்த்தை கதவுக்குள் போய்க் கருவாட்டுக் கட்டுகளின் மேல் துண்டு துண்டாக விழுந்து கிடந்தது. தப்பு என்பது கதவின் ஓரத்தில் மடங்கித் தொங்கியது. சுவரில் ஒழுங்காகத் தெரிந்தது, என் மேலதான் என்பது மட்டும்.

சுமைக்காரர்கள் கூடிவிட்டார்கள். மேஸ்திரி உரக்க வாசித்தார். "என் மேலதான். என்ன அண்ணாச்சி உம்ம மேல?"

நான் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தேன். "எவம்லே தூண அசைச்சது?" என்று கத்தினேன்.

"தூண யாரு அசைப்பா? வெள்ளக்காரன் நட்டது" என்றார் மேஸ்திரி.

"அப்ப மாசியில நான் வச்ச குறிய எவனோ மாத்திட்டான்" என்றேன். ஏணியில் ஏறிப் பார்த்தேன். குறி வைத்த இடத்திலேயே இருந்தது. கொக்கியும் குறியிலேயே இருந்தது. மேலே நின்றுகொண்டு சுவரையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்தேன். முப்பது வயதுவரை கடற்கரையில் வாழ்ந்தவன்தான். ஆனால் கிட்டங்கிக்குள் குனிந்து உட்கார்ந்தே வாழ்ந்துவிட்டேன்.

அதற்குள் அண்ணன் தோணியிலிருந்து இறங்கி வந்திருந்தார். கூட்டத்துக்குப் பின்னால் நின்று, தகட்டையும் சுவரையும் ஒருமுறை பார்த்தார். கடலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேஸ்திரியிடம் சொன்னார்.

"அந்த ஆள்ட்ட சொல்லு. மாசியில வச்ச குறி சித்திரைக்கு நிக்காது. சூரியன் வடக்க ஏறியாச்சி. தகரத்தயும் வடக்க தள்ளச் சொல்லு."

மேஸ்திரி என்னிடம் திரும்பினார். நான் ஏணியில் அசையாமல் நின்றேன். அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, தோணியிலிருந்து ஒரு கயிற்றை வாங்கி, வடக்குத் தூணில் ஏறினார். கடைசித் தகட்டின் கொக்கியில் கயிற்றைக் கட்டி இழுத்தார். எட்டுத் தகடுகளும் ஒன்றையொன்று இடித்துக் கிரீச்சென்று கம்பியில் நகர்ந்தன. சுவரில் எழுத்துகளும் நகர்ந்தன. கதவோரத்தில் மடங்கிக் கிடந்த வார்த்தை நிமிர்ந்து சுவருக்கு வந்தது. கருவாட்டின் மேல் கிடந்த வார்த்தை ஒவ்வொரு எழுத்தாகக் கதவைத் தாண்டி வந்தது. அண்ணன் எழுத்தைப் பார்க்கவே இல்லை. முதல் தகட்டின் நிழல் கதவை விட்டு எப்போது வெளியே வருகிறது என்பதை மட்டும் பார்த்து, வந்ததும் கயிற்றை முடிச்சுப் போட்டார். நான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க மெனக்கெட்டதை அவர் ஒரு பீடி பிடிக்கும் நேரத்தில் முடித்தார்.

கீழே இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, சுவருக்கு முன்னால் வந்து நின்றார். நானும் ஏணியிலிருந்து இறங்கியிருந்தேன். ஒரு வருடத்துக்குமேல் ஆன பிறகு, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"என்னலே எழுதியிருக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுத்து தெரியாதவர் என்று ஊர் முன்னால் யாரைக் கேலி செய்தேனோ அவருக்கு, ஊரே வாசிக்கும்படி, எழுத்தில் ஒரு மன்னிப்பை எழுதி வைத்திருந்தேன். அதை அவரைத் தவிர எல்லோரும் வாசித்தாயிற்று. அன்றைக்குக் கோயிலில் அவமானப்படுத்தியது போதாதென்று, இரண்டு மாதம் யோசித்து, எட்டுத் தகரம் செலவழித்து, இன்னொரு தடவை அவரை அடுத்தவன் வாயைப் பார்த்து நிற்க வைத்துவிட்டேன். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மேஸ்திரி வாசிக்க வாயைத் திறந்தார். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "நீ வாசிக்காத. வெட்டுனவன் வாசிக்கட்டும்."

சுமைக்காரர்கள், தோணிக்காரர்கள், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். "அண்ணே" என்றேன். நிறுத்தி, மறுபடியும் தொடங்கினேன். "அண்ணே, தப்பு... தப்பு எம் மேலதான்." வாசித்து முடித்த பிறகும் வாய் நிற்கவில்லை. "நீங்க சோறு சாப்பிடாமப் போன அன்னைக்கே வந்திருக்கணும். உங்க எலைக்குப் பக்கத்துல உக்காந்து நான் சாப்பிட்டேன் அண்ணே. நீங்க போட்ட சோத்துலதான் இந்த எழுத்தே படிச்சேன்."

அண்ணன் சுவரை உற்றுப் பார்த்தார். "இவ்வளவும் அங்கன எழுதியிருக்கா?"

"இல்ல. பின்னாடி சொன்னது எழுதல."

"ம்" என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். அவர் திடீரென்று கையை நீட்டினார்.

"எனக்கு ஒரு தகடு வெட்டித் தாரேன்னு கோயில்ல வச்சிச் சொன்னியே. எங்கலே அது?"

பழிக்குப் பழி வாங்குகிறார் என்று முதலில் நினைத்தேன். இல்லை. உண்மையாகவே கேட்டார். அன்று மத்தியானமே மிச்சத் தகரத்தில் அவர் பெயரைச் சின்னதாக வெட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் வெட்டியதில்லை. தலைகீழாக வைத்துவிடக் கூடாது என்பதற்காக மேல் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டும் போட்டேன். அண்ணன் தகட்டை வாங்கி, ஒவ்வொரு எழுத்தின் ஓட்டைக்குள்ளும் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். ஊரார் மார்க்கா எல்லாம் தெரிந்த மனிதர்.

"இதான் நானா?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை மகனுக்கு ஞானஸ்நானம். அண்ணன் ஞானத்தகப்பனாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். முடிந்ததும் சாமியார் பதிவேட்டை விரித்து, பழக்கத்தில் மைப்பெட்டியை அண்ணன் பக்கம் நகர்த்தினார். அண்ணன் அதைத் திரும்ப அவர் பக்கமே தள்ளினார். சட்டைப் பையிலிருந்து தகட்டை எடுத்தார். என்னைப் பார்த்தார். கொண்டுவரச் சொல்லியிருந்த பிரஷையும் மையையும் கொடுத்தேன். வெட்டு மேலே இருக்கும்படி தகட்டை வைத்து, இத்தனை வருடமாக நாங்கள் தேய்ப்பதைப் பார்த்தவர், அதே மாதிரி தேய்த்து எடுத்தார். பதிவேட்டில் அவர் பெயர் கறுப்பாக நின்றது.

"இப்பச் சிரிங்கலே" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன்தான் முதலில் சிரித்தார். சாக்குக்குப் போடும் மை என்பதால் அது மூன்று பக்கத்துக்கு ஊறி, அடிப் பக்கங்களில் முன்பே எழுதியிருந்த பிள்ளைகளின் பெயரெல்லாம் கெட்டுப்போயிற்று. சாமியார் என்னைத்தான் திட்டினார். அதன் கீழே நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பேனாவை வாங்கி, சுழி எதுவும் போடாமல் பெயரை மட்டும் எழுதிவிட்டு, அண்ணனோடு பந்திக்குப் போனேன்.